பெரிய ரம்பத்தின் சத்தம்

அந்த ஜன்னல் பக்கமாக உட்காருங்கள் ஐயா, அங்கேதான் கொஞ்சம் காற்று வரும். ஜெலுத்தோங் போலீஸ் ஸ்டேஷனில் மத்தியானம் உட்காருவது அடுப்புக்குள் உட்காருவது மாதிரி. கேட்க வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுங்கள், பதிலை நான் வாயால் சொல்லிவிடுவேன். என் குரல் உரத்துப் போனால் கையைக் காட்டுங்கள். செவிடனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது.

உங்கள் பெயர் தியாகராஜா, கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் என்று எழுதிக் காட்டினீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களின் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. முதல் கேள்வியும் நியாயமானது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், விபத்து என்று தீர்ப்பாகி முடிந்துபோன சாவைப் பற்றி இப்போது என்ன சொல்ல வந்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் ரம்பத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் கமாலுதீன். ஹபீப் முகம்மது முதலாளியின் மரவாடியில் ரம்பக்காரன். கெடா, பேராக் பக்கமிருந்து கடல் வழியாக இழுத்து வரும் மரங்களைக் கரையேற்றி, கேட்ட நீளத்துக்குத் துண்டு போட்டு விற்கிற இடம் அது. முன்பெல்லாம் கைரம்பத்தால் அறுத்தோம். பிறகு முதலாளி ஜெர்மனியிலிருந்து ஒரு சங்கிலி ரம்பம் வரவழைத்தார். பெட்ரோலில் ஓடுவது. ஒரு முனையில் இஞ்சின், மறு முனையில் வெறும் பிடி, நடுவே பல் வைத்த சங்கிலி ஓடும். மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் நின்று மேலிருந்து கீழே அறுக்க வேண்டும். மலாய்க்காரர்கள் அதை ரந்தாய் என்றார்கள். சங்கிலி என்று அர்த்தம். இஞ்சின் பக்கம் பிடித்தவன் நான் என்பதால் அந்தப் பெயர் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ரந்தாய் கமாலுதீன் என்றால் சவ்ராஸ்தா பாசாரில் மீன்காரனுக்குக்கூடத் தெரியும். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

வால் பக்கம் பிடித்தவன் யூசுப். என் தங்கை ருக்கையாவின் கணவன். என்னைவிட வயதில் சின்னவன், மச்சான் மச்சான் என்று சுற்றி வருவான். எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு அறுப்புக்கும் முன்னால் நான் "பிஸ்மில்லா" என்பேன். மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவனும் "பிஸ்மில்லா" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் இஞ்சினை முடுக்குவேன். நடுவில் ஏதாவது கோளாறு என்றால் அவன் "போதும்" என்று கத்துவான், நான் நிறுத்திவிடுவேன். அந்தச் சின்ன ரம்பம் சத்தம் போட்டாலும் ஒரு மனிதக் குரலுக்கு அதில் இடம் இருந்தது.

என் காது அந்த ரம்பத்தில்தான் போயிற்றா, இல்லை எங்கள் வாப்பாவிடமிருந்து வந்ததா, தெரியவில்லை. வாப்பாவும் நாற்பது வயதுக்குள் செவிடானவர். தோளில் காவடி மாதிரி இரண்டு கூடைகளைத் தொங்கவிட்டுத் துறைமுகத்தில் சோறு விற்றார். கூலிக்காரர்கள் அவர் முன்னால் நின்று சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். அவர் "என்ன தம்பி, என்ன தம்பி" என்று குனிந்து குனிந்து கேட்பார். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் அவருக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் என் வாப்பா இல்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆகவே எனக்குக் கேட்காமல் போனபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வலது காது, பிறகு இடது காது. என் மனைவி ஹபீபா பீவி கூப்பிட்டால் பதில் வராது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். மனிதன் கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். செவிடன் என்று பெயர் எடுப்பதைவிடச் சிடுமூஞ்சி என்று பெயர் எடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. எதிரே நின்று பேசினால் எப்படியோ சமாளித்துவிடுவேன். முதுகுக்குப் பின்னால் பேசினால்தான் தொல்லை.

மரவாடியில் சமாளிப்பது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. ஒரு தடவை யூசுப் போதும் என்று கத்தியும் நான் அறுத்துக்கொண்டே இருந்தேன். சங்கிலி மாட்டிக்கொண்டு அறுந்தது. "மச்சான், தூங்கிட்டீங்களா லா?" என்று அவன் சிரித்தான். ஆப்பு அடிக்கிற இப்ராஹிம் சிரிக்கவில்லை. அவன் என்னையும் என் காதையும் ஒரு மாதிரிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். நானே ஒரு காலத்தில் வாப்பாவை அப்படிப் பார்த்தவன்.

அந்த நேரத்தில்தான் பீச் ஸ்திரீட் ஏஜென்ட் ஒருவர் பெரிய ரம்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு மடங்கு பலம், அலகும் பழையதைவிட ஒரு முழத்துக்கு மேல் நீளம். மரவாடி நடுவில் ஒரு தடித்த சிங்காய் மரத்தை உருட்டிப் போட்டு, இஞ்சினை முடுக்கினார்கள்.

ஐயா, எனக்குக் கால் வழியாக அதிர்வு மட்டும்தான் ஏறியது. ஆனால் மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி யூசுப்பின் காதோரம் போய் ஏதோ கத்தினார். யூசுப் தலையை ஆட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தான். முதலாளி மறுபடி கத்தினார். அவன் மறுபடி கையை விரித்தான். இப்ராஹிம், கணக்கப்பிள்ளை, சீனக் கூலிகள், ஏஜென்ட், எல்லோரும் வாயை அசைத்துக்கொண்டு, என்ன என்ன என்று ஒருவருக்கொருவர் குனிந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு அந்த மரவாடியில் எல்லோரும் என்னைப் போல ஆகிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

முதலாளிக்கு வாங்க மனம் இல்லை. விலையைக் கேட்டு முகம் சுளித்தார். நான்தான் விடாமல் சொன்னேன். சொன்ன காரணம் எதுவும் பொய் இல்லை. சின்ன ரம்பத்தின் அலகு பெரிய மரத்தைக் குறுக்கே எட்டாது. பாதி அறுத்து, மரத்தைப் புரட்டிப் போட்டு, மறுபாதியை அறுக்க வேண்டும். இரண்டு அறுப்பும் நேராகச் சந்திக்காது, முனையில் படி விழும். படகு கட்டுகிற சீனர்கள் அதைக் காட்டித் தள்ளுபடி கேட்பார்கள். இனி மலையிலிருந்து வரப்போவதெல்லாம் பெரிய மரம்தான், சின்னதை வைத்துக்கொண்டு பல் குத்தத்தான் முடியும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் அவர் வாங்கிவிடுவார் என்பது எங்களுக்குத் தெரியும். என் உண்மையான காரணத்தை மட்டும் நான் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

பெரிய ரம்பம் வந்த பிறகு எனக்கு நல்ல காலம். குரல் உதவாது என்று ஆனதால், வால் பக்கத்து ஆள் நிறுத்தச் சொல்லக் கையை உயர்த்த வேண்டும் என்று முதலாளி ஏற்பாடு செய்தார். கை எனக்குத் தெளிவாகத் தெரியும். பிஸ்மில்லாவைக்கூட இஞ்சின் உறுமலுக்கு நடுவில் வாயசைத்துத்தான் சொல்லிக்கொண்டோம். ஒரே ஒரு சங்கடம், அந்த இஞ்சின் கனம். அதைப் பிடிப்பவனுக்குக் கெட்டியான தரை வேண்டும். ஆகவே நான் எப்போதும் மேட்டுப் பக்கம், யூசுப் எப்போதும் கடலைப் பார்த்துச் சரிகிற பள்ளத்துப் பக்கம். மரம் உருண்டால் அவன் பக்கம்தான் உருளும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முட்டுக்கட்டை வைத்திருக்கிறோமே என்று இருந்துவிட்டோம்.

யூசுப் கண்டுபிடித்தது ஒரு சாதாரண நாளில். இஞ்சின் ஓடவில்லை. நான் குனிந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் அடுக்கியிருந்த பலகைகள் சரிந்திருக்கின்றன. அவன் கத்தியிருக்கிறான். நான் அசையவில்லை. ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்துப் போட்டான். பலகைகள் நான் இருந்த இடத்தில் விழுந்தன. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பினால், அவன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"எத்தனை நாளா மச்சான்?" என்றான்.

நான் கோபப்பட்டேன். என்ன உளறுகிறாய் என்றேன். அவன் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்காக அழுதான் ஐயா. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நல்லவனாக இருந்திருப்பேன் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். "இதுல வெட்கப்பட என்னா இருக்கு? நானே முதலாளிகிட்ட சொல்றேன். கேட்ல உக்காந்து வர்ற லோரிய பாருங்க. சம்பளம் கொறயாம நான் கேட்டு வாங்குறேன். ஒரு நாளைக்கு யாராவது செத்துப் போயிருவாங்க லா மச்சான்."

எல்லாம் சரியான பேச்சு. ஆனால் என் மனதில் ஓடியது வேறு. நான் கேட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதையும், லோரிக்காரர்கள் என் முன்னால் நின்று சத்தமில்லாமல் வாயை அசைப்பதையும், நான் குனிந்து குனிந்து என்ன தம்பி என்று கேட்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நோன்பு முடியட்டும் என்று தவணை கேட்டேன். தந்தான். பெருநாள் போகட்டும் என்றேன். அதற்கும் சரி என்றான்.

பெருநாள் போன அடுத்த வெள்ளிக்கிழமை காலை, நான் இப்ராஹிமைப் பெட்ரோல் எடுத்துவர அனுப்பினேன். யூசுப்பிடம் தனியாகக் கெஞ்சத்தான் அனுப்பினேன். இதை நம்புங்கள், அதற்கு மேல் அப்போது என் மனதில் எதுவும் இல்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இனிமே தள்ள முடியாது மச்சான். இன்னிக்கு ஜும்ஆ தொழுக முடிஞ்சதும் முதலாளிகிட்ட சொல்லிர்றேன். நீங்களும் கூட வாங்க, ரெண்டு பேரும் சேந்து சொல்வோம்."

சரி என்றேன். இந்த ஒரு மரத்தை அறுத்துவிட்டுப் போவோம் என்றேன். கடைசி மரம் என்று நினைத்துக்கொண்டேன். ரந்தாய் கமாலுதீனின் கடைசி மரம்.

நல்ல தடித்த சிங்காய். கிடத்தியிருந்தபோதே என் நெஞ்சு உயரம் இருந்தது. இடது முனையைச் சங்கிலி போட்டு இரும்புத் தூணில் கட்டியிருந்தோம். அறுந்து விழப்போகிற வலது துண்டுக்குக் கீழ்ப்பக்கம் முட்டுக்கட்டை மட்டும்தான். முந்தின நாள் மழை. மண் சேறாக இருந்தது. பிஸ்மில்லா என்று வாயசைத்தேன். அவனும் அசைத்தான். இஞ்சினை முடுக்கினேன்.

முக்கால்வாசி அறுத்த பிறகு மரம் லேசாக ஒரு தடவை குலுங்கியது. முட்டுக்கட்டை சேற்றில் இறங்கிவிட்டது. மரம் கொஞ்சம் அமர்ந்து, அடியில் போட்டிருந்த கட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் யூசுப்பின் கால் சிக்கிக்கொண்டது. அவனால் கையை உயர்த்த முடியவில்லை. கால் மாட்டிச் சாய்ந்து நிற்பவன் ஒரு கையை எடுத்தாலும் ஓடுகிற சங்கிலி துள்ளி அவன் மேலேயே பாயும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. துண்டு முழுதாக அறுபடாத வரைக்கும் அது உருளாது. இஞ்சினை நிறுத்தி, பாரையைப் போட்டு நெம்பினால் காலை எடுத்துவிடலாம். அறுபட்டுவிட்டால் உருளும்.

அறுபட்டுவிட்டது.

விசாரணையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சாட்சி சொன்னார்கள். கை உயரவில்லை. அந்த ரம்பத்தின் சத்தத்தில் எந்த மனிதனுக்கும் குரல் கேட்டிருக்காது. விசாரணை நடத்திய துரை மரவாடிக்கே வந்து இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார், உதவியாளனை அந்தப் பக்கம் நிற்கவைத்துக் கத்தச் சொன்னார், அவருக்கும் கேட்கவில்லை. விபத்து என்று எழுதிவிட்டுப் போனார். அதற்குள் எனக்கு இன்னொரு யோசனையும் வந்திருந்தது. அன்றைய அதிர்ச்சியில் காது போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் நம்பினார்கள். மச்சானோடு காதையும் பறிகொடுத்த மனிதன் என்று ஊர் பரிதாபப்பட்டது. ஒருவரும் கேலி செய்யவில்லை. இறந்துபோனவனை வைத்து நான் என் செவிட்டுத்தனத்துக்கு மரியாதை வாங்கிக்கொண்டேன்.

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டிருந்தால், செவிடு என்பதை மறைத்த ஒரு கோழை என்று நீங்கள் எழுதிக்கொண்டு போய்விடலாம். இரண்டு வருஷமாக நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தங்கைதான் விடவில்லை.

ருக்கையா என் வீட்டில்தான் இருக்கிறாள். தன் கையால் எனக்குச் சோறு போடுகிறாள். யாராவது யூசுப் பேச்சை எடுத்தால், "எங்கண்ணன் காதுல விழுந்திருந்தா உசுரக் குடுத்தாவது நிறுத்தியிருக்கும்" என்று என்னைக் காட்டிச் சொல்கிறாள். அவளை அரிக்கிறது வேறொன்று. அவள் கணவன் கலிமா சொல்லி இறந்தானா என்பது. உங்கள் மதத்தில் எப்படியோ தெரியாது ஐயா, அல்லாவைத் தவிர இறைவன் இல்லை, முஹம்மது அவன் தூதர் என்கிற அந்தக் கலிமா கடைசி மூச்சில் நாக்கில் இருப்பது எங்களுக்குப் பெரிய விஷயம். நோயில் படுத்தவனுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். யூசுப்புக்குப் பக்கத்தில் ஒரு இஞ்சின்தான் இருந்தது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் அவனுக்காகக் குர்ஆனில் யாசீன் ஓதி முடித்துவிட்டுச் சிலேட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருவாள். "கலிமா சொன்னாரா அண்ணே? உதடு அசைஞ்சுச்சா?" என்று எழுதுவாள். நான் தெரியாது என்று தலையை ஆட்டுவேன். அவள் எச்சிலைத் தொட்டு எழுத்தை அழித்துவிட்டு எழுந்து போவாள். போன வெள்ளிக்கிழமை அவள் அழிக்கவில்லை. சிலேட்டை என் மடியில் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதனால்தான் வந்தேன். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சொன்னால் மற்றதையும் சொல்லாமல் முடியாது.

குச்சியைக் கீழே வையுங்கள் ஐயா, எழுத வேண்டாம். நீங்கள் உள்ளே வந்ததும் வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம், "பாவம் மனுசன், கெதியா முடிச்சுப்போட்டுப் போவம்" என்றீர்கள். தேநீர் கேட்டீர்கள், சீனி குறைத்து. உங்களை ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னது காற்றுக்காக இல்லை. உங்கள் வாயில் வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காக. வாப்பாவுக்கு அமையாத வித்தை எனக்கு வந்தது. கேட்காமல் போன நாளிலிருந்து மனிதர்களின் உதட்டைப் பார்த்தே பிழைத்தேன். அந்தச் சத்தத்தில் நீங்கள் எல்லோரும் செவிடர்கள். அங்கே யூசுப் சொல்வது எட்டக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

மரத்துக்கு மேலே அவன் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. முதலில் போதும் என்றான். உதடு மூடித் தொடங்கி உதடு மூடி முடிகிற சொல், அதைவிடத் தெளிவான சொல் கிடையாது. நான் அறுத்துக்கொண்டிருந்தேன். அடுத்து மச்சான் என்றான். இன்னும் நாலு விரல் கட்டை மீதி இருந்தது. ஜும்ஆவுக்கு நேரமாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. அவன் என் கண்ணைப் பார்த்தான். நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். எனக்குப் புரிகிறது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ருக்கையாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. அவள் கணவன் கலிமா சொன்னான். கலிமாவின் முதல் பாதியில் உதடு ஒட்டாது, நாக்குதான் புரளும். அதனால் சரியாகத்தான் பார்த்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, இன்னும் உற்றுப் பார்த்தேன். பிறகு முஹம்மது என்ற பெயருக்கு உதடு சேர்ந்து பிரிந்து மறுபடி சேர்ந்தது. சந்தேகம் இல்லை. அவன் அவசரப்படவில்லை. ஒரு எழுத்தும் விடாமல், முழுதாகச் சொல்லி முடித்தான். அவ்வளவு நேரம் இருந்தது.